எர்த்தாயிக்குத் தண்ணீர்

ஒயர்மேன் கந்தவேலைப் பற்றி இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லும் கதையில் பாதி பொய். சாமியை விளையாட்டுக்கு இழுத்தான், சாமி அவன் குடும்பத்தைப் பார்த்து அடித்துவிட்டது என்று இன்னமும் சந்தைப்பேட்டையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நான் அவனோடு பழகியவன். அந்த வீட்டுத் துக்கத்துக்கும் போனவன். நடந்ததை நடந்தபடி ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் எவன் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

புதுச்சத்திரத்தில் ரோட்டோரமாக வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். சின்னராஜ் சைக்கிள் கடை என்றால் நாமக்கல் போகிறவர்களுக்குத் தெரியும். மேட்டூர் கரண்ட் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. வசதியான பண்ணையக்காரர் வீடுகளில் முதலில் விளக்கு எரிந்தது. கரண்ட் கொடுக்கிறவர்கள் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, மீட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் என்ன ஆனாலும் அது வீட்டுக்காரன் பாடு. வீட்டுக்காரன் என்ன செய்வான், என் கடைக்கு ஆள் அனுப்புவான். கந்தவேல் என்னிடம்தான் சைக்கிள் எடுப்பான். அவன் எந்த ஊரில் எந்த வீட்டில் ஏணி போட்டு நிற்கிறான் என்பது எனக்குத்தான் தெரியும்.

கந்தவேல் மானாவாரிக் காட்டுக்காரன். மழை பொய்த்த வருசத்தில் பிழைக்க வழியில்லாமல் மேட்டூருக்குப் போய் அணை வேலையில் மண் சுமந்தான். அணை முடிந்து கரண்ட் எடுக்கும் வேலை வந்தபோது ஒயர் இழுக்கிறவர்களோடு ஒட்டிக்கொண்டு தொழிலைப் பழகினான். பெண்டாட்டியை அங்கேயே காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே மகள் பாவாயியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினான். இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று சொல்லாத ஆள் இல்லை. பாவாயிக்கு ஒரு கஷ்டம் வந்துவிடும் என்று அந்தப் பேச்சையே காதில் வாங்க மாட்டான்.

அவனைத் தேடி வருகிறவர்கள் கொண்டு வரும் புகார்கள் இருக்கிறதே, சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பல்பு கண் சிமிட்டுகிறது, ஏதோ காத்து கருப்பு புகுந்துவிட்டது என்பார் ஒருவர். போய்ப் பார்த்தால் சுவிட்சுக்குள் எறும்பு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். பக்கத்து ரைஸ் மில் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு விளக்கு மங்குகிறது, மில்காரன் கரண்டைத் திருடுகிறான் என்று இன்னொருவர் கம்பை எடுத்துக்கொண்டு சண்டைக்கே கிளம்பிவிடுவார். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே உருகி அறுந்து வீட்டைக் காப்பாற்றுகிற மெல்லிய கம்பிக்கு பீஸ் கம்பி என்று பெயர். இளம்பிள்ளையில் ஒரு நெசவுக்காரர் அது அறுந்து அறுந்து போகிறதே என்று சலித்துக்கொண்டு, சேலைக்கு வைத்திருந்த சரிகையைக் கொத்தாக முறுக்கி அந்த இடத்தில் கட்டியிருந்தார். கந்தவேல் அதைப் பிடுங்கி எடுத்து, வீடு எரிந்தால் சரிகையோடு எரியட்டும் என்றா கட்டினீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தானாம்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆண்களிடம் பேச்சே வைத்துக்கொள்ள மாட்டான். நேரே பெண்களிடம் போய், எந்த இடத்தில் தொட்டால் சுரீர் என்கிறது என்று கேட்பான். ஈரக் கையோடு நாள் பூராவும் வீட்டைத் தொட்டுப் புழங்குகிறவர்கள் அவர்கள்தானே. மழை நாளில் கடிக்கிற சுவர், இறக்கிக் கட்டின பல்பு, தட்டினால்தான் எரிகிற விளக்கு எல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்துவிடும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும் என்பான்.

அவனுக்குத் தீராத தலைவலி ஒன்றே ஒன்றுதான், எர்த்துக் குழி. வீட்டுக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி வேண்டும். அதற்காகப் புழக்கடையில் ஆளுயரக் குழி வெட்டி, தகட்டைப் புதைத்து, அடுப்புக்கரியும் உப்பும் கொட்டி மூடி, வீட்டிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அதில் சேர்ப்பான். மண் ஈரமாக இருந்தால் கசிகிற கரண்ட் அந்த வழியாக இறங்கிவிடும், பீஸும் அறுந்து எச்சரிக்கும். மண் காய்ந்தால் வழி அடைபட்டது போலத்தான். கரண்ட் அங்கேயே நின்று யார் தொடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் ஊர்க் கோடை தெரியாதா, மண் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வான். ஒருவரும் ஊற்ற மாட்டார்கள். கிணறு அடியில் போய்க் கிடக்கிறது, மாட்டுக்கே தண்ணீர் இல்லை, மண்ணுக்கு எதற்கு என்பார்கள்.

பொன்னாயி என்று ஒரு பண்ணையக்காரி, வாய்க்காரி. அவள் வீட்டில் கழனித் தொட்டியண்டை மாடு ஷாக் அடித்துச் செத்தது. ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று கந்தவேல் கேட்டதற்கு, மண்ணுக்கு ஊற்றிக்கொண்டிருக்க எனக்கென்ன கிறுக்கா என்று எகிறினாள். இவனுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அது மண் இல்லை, அங்கே ஆயி குடியிருக்கிறாள், குளிரக் குளிர வைத்தால் காப்பாள், காயவிட்டால் வாங்கிக்கொள்வாள் என்று கத்திவிட்டு வந்துவிட்டான். அடுத்த தரம் போனபோது அந்தக் குழிமேல் ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்ததாம். சுற்றிலும் மண் சேறாகக் கிடந்ததாம். ஆயிக்கு என்ன பேருங்க என்று பொன்னாயி பவ்வியமாகக் கேட்டாளாம். எர்த்தாயி என்று சொல்லிவிட்டு வந்தான். என் கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லி, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அப்புறம் அவன் அதையே வழக்கமாக்கிக்கொண்டான். எந்த வீட்டில் குழி வெட்டினாலும் மேலே ஒரு கல்லை நட்டு, எர்த்தாயி என்று சொல்லிவிடுவான். பஞ்சம் வந்த கோடையிலும் பெண்கள் தலையில் சுமந்து வந்து ஊற்றினார்கள். அவன் கைப்பட்ட வீடுகளில் கரண்டால் ஒரு சாவு இல்லை. பாவாயி ஒருத்திதான் அவனோடு சண்டை பிடித்தாள். நல்லதைச் சொல்லிக் கேட்க வைக்கத் துப்பில்லாமல் பொய்யைச் சொல்லி ஊற்ற வைக்கிறீர்களே என்று முகத்துக்கு நேரே கேட்பாள். உசிரு பிழைக்கிறதா இல்லையா, அதைப் பார் என்று இவன் அடக்கிவிடுவான்.

பாவாயியைப் பக்கத்து ஊர்ப் பண்ணையக்காரர் கருப்பண்ணன் மகன் மணியனுக்குக் கொடுத்தான். நல்ல இடம். மாமியார் சென்னியம்மாள் பெற்ற மகளைப் போல வைத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்குக் கரண்ட் வேலையை வேறு யாரையும் தொட விடாமல் கந்தவேலே செய்தான். மற்ற வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓடும். அங்கே எலி கடித்துவிடக் கூடாதென்று எல்லா ஒயரையும் இரும்புக் குழாய்க்குள் விட்டு ஓட்டினான். உலகச் சண்டைக் காலம், சாமான் கிடைக்காமல் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் அலைந்தான். குழாயை எர்த்துக் குழியோடு சேர்த்தான். புழக்கடையில் கல்லை நட்டு எர்த்தாயி என்று சம்பந்தியம்மாளுக்கு அறிமுகம் செய்துவைத்தான். பாவாயி பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். என் மகள் வீட்டில் கரண்டால் ஒரு பிசகு வராது என்று அவன் என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பான்!

கல்யாணமாகிச் சில வருசம் கழித்து, சித்திரை வெயிலில் கருப்பண்ணன் மாரடைத்துச் செத்துப்போனார். பங்காளி வீடுகளெல்லாம் தீட்டு. எங்கள் பக்கம் எழவுத் தீட்டு உள்ள வீட்டில் கருமாதி கழியும்வரை சாமி படத்துக்கு விளக்குப் போட மாட்டார்கள், கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள். எழவு விழுந்த அன்றே யாரோ முள்ளை வெட்டிக் கொண்டுவந்து எர்த்தாயிக் கல்லைச் சுற்றிப் போட்டு மறைத்துவிட்டார்கள். தீட்டுக் கை பட்டுவிடக் கூடாதாம்.

கந்தவேலும் நானும் சைக்கிளில் துக்கம் விசாரிக்கப் போனோம். பந்தலில் கூட்டம். அவன் கரண்ட் போட்ட வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மூலையில் சென்னியம்மாள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே போய் உட்கார்ந்தோம். வழக்கமான நாலு வார்த்தை பேசினோம். அந்த அம்மாள் கந்தவேல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருசன் போன துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எழுந்து வரும்போது பாவாயி புழக்கடைப் பக்கம் வந்து அவனை நிறுத்தினாள். எர்த்துக் குழிக்கு ஊற்ற அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துப் பங்காளி வீட்டுப் பெண்கள் சத்தம் போட்டுத் தடுத்துவிட்டார்களாம். மண் வெடித்துவிட்டது என்றாள். அவள் முகம் கறுத்துப் போயிருந்தது.

"அது சாமி இல்லைன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நான் சொன்னா எடுபடலை. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

கந்தவேல் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் மனசில் ஓடியது எனக்குத் தெரியும். இங்கே இவர்கள் எதிரில் சொன்னால் சாயங்காலத்துக்குள் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பரவிவிடும். ஒயர்மேன் நம்மை ஏய்த்துவிட்டான் என்று நாளைக்கே எல்லா வீட்டிலும் குடத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். கோடை வேறு. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை போகுமோ. தவிர, இந்த வீட்டில் ஒயர் புதிது, குழாய் புதிது. குழாய்க்குள் ஒயர் கெட்டால்தானே எர்த்துக்கே வேலை?

"கருமாதி கழியட்டும் அம்மிணி. அதுக்குள்ள ஒண்ணும் ஆவாது. நான் போட்ட ஒயரு."

 குழாயைத் தொடாமல் இரு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். வழியில் எனக்கு வாய் சும்மா இருக்குமா, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். உனக்குத் தெரியாது என்றான்.

கருமாதியன்று காலையில் என் கடைக்கு ஒரு ஆள் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. ஒயர்மேன் எங்கே என்று கேட்டான். எல்லோரும் கேட்கிற கேள்விதான். கந்தவேல் அங்கேயே சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, எந்த இடத்தில் சுரீர் என்கிறது என்று கேட்டான். வந்தவன் அவன் முகத்தைப் பார்த்து அழுதான்.  கந்தவேல் பம்பை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினான். நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மிதித்தேன்.

கருமாதியன்று தீட்டைக் கழிக்க வீட்டை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, கூரையிலிருந்து தரைவரை கழுவிவிடுவது எங்கள் வழக்கம். விடியும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். இருட்டாக இருந்ததால் விளக்கை எரியவிட்டு வேலை செய்தார்கள். சமையல்கட்டுச் சுவரில் வெள்ளையடித்தவன் மட்டையை முக்கி முக்கி அடித்ததில், பல்பு தொங்குகிற இடத்துக் குழாய் வாய்க்குள் சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அடுப்புக்கு மேலே அந்த இடத்தில் ஒயர் மேல் இருந்த ரப்பர் சூட்டில் வெடித்துப் போயிருந்தது. கரண்ட் குழாய்க்கு வந்துவிட்டது. மண் ஈரமாக இருந்திருந்தால் பீஸ் அறுந்து வீடு இருட்டாகியிருக்கும், அவ்வளவுதான். பாவாயி முழங்கால்வரை ஈரத்தோடு தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரத் தரையில் கால் வழுக்கி, விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்திருக்கிறாள். கை குழாயில் பட்டது.

கந்தவேல் மகளிடம் போகவில்லை. முதலில் மெயின் சுவிட்சை அமர்த்தினான். பிறகு புழக்கடைக்குப் போனான். முள்ளுக்குள்ளே மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். அழவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் இருந்த கறுப்பைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். அது போகிற கறுப்பா? வேண்டாமடா என்று நான் பிடித்து இழுத்தும் விடவில்லை.

அதற்குள் கூடத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. தீட்டோடு சாமியைத் தொட்டிருப்பாள், குடம் எடுத்துக்கொண்டு போனதை நாங்கள் பார்த்தோமே, எர்த்தாயி சும்மா விடுவாளா என்று ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். செத்துக் கிடக்கிறவள் காதில் விழாது என்கிற தைரியம். கந்தவேல் காதில் விழுந்தது. அவன் தலை நிமிரவே இல்லை.

சாயங்காலம் பாவாயியைக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பினோம். திரும்பி வருகிறவர்கள் காலைக் கழுவிக்கொள்ள வாசலில் குடங்களில் தண்ணீர் வைத்திருந்தார்கள். மணியன் சுவரைப் பார்த்து நின்று தேம்பிக்கொண்டிருந்தான். கந்தவேல் காலைக் கழுவவில்லை. ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்கு நடந்தான். மெயின் அமர்த்தித்தான் இருந்தது. இனி ஊற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவனுக்கா தெரியாது? வெறுங்கையால் முள்ளைப் பிடுங்கி எறிந்தான். கையெல்லாம் ரத்தம். பங்காளிகள் நாலு பேர் ஓடி வந்து மறித்தார்கள். எழவு வீட்டுத் தண்ணீரைச் சாமி தலையில் ஊற்றுகிறாயா, ஒரு உசிரை வாங்கினது போதாதா என்று அதட்டினார்கள். சத்தம் கேட்டுச் சென்னியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கந்தவேல் அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

"சாமி இல்லீங்க. தகடும் கரியும் உப்பும்தான் இருக்குது. தண்ணி ஊத்த மாட்டீங்கன்னு நான்தான் சாமின்னு பொய் சொன்னேன். எம் புள்ள ஒரு குத்தமும் பண்ணலீங்க."

மறித்து நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.  சென்னியம்மாள் அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு பேசினாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ சொன்னாளுங்க. அத்தை, அது சாமி இல்லை, எங்கப்பா வெச்ச பேரு, தண்ணி ஊத்தியே ஆவோணும்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சினா. உங்கப்பன் வாயில அது வரட்டும் கண்ணு, தீட்டாவது ஒண்ணாவது, நானே குடம் எடுத்து ஊத்தறேன்னு சொன்னேன். துக்கத்துக்கு வந்து என்ற முன்னால உக்காந்திருந்தீங்க. இப்பச் சொல்லுவீங்க, இப்பச் சொல்லுவீங்கன்னு உங்க வாயவே பாத்துக்கிட்டு இருந்தேனுங்க சம்மந்தி."

கந்தவேல் குடத்தோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.